நிறுவியில் வன்தட்டு தெரியாமை

கணினியில் இயங்குதளத்தை நிறுவும்போது, பழுதில்லாத வன்தட்டும் நிறுவியின் பட்டியலில் வராமற்போகும் சிக்கல் இது. நிறுவி வன்தட்டை நேரடியாக அணுகுவதில்லை. இடையே கட்டுப்படுத்தி இருக்கிறது. அந்தக் கட்டுப்படுத்தியை இயக்கும் மென்பொருளான டிரைவர் நிறுவியிடம் இல்லாவிட்டால், கட்டுப்படுத்தியின் பின்னுள்ள தட்டும் நிறுவிக்குத் தெரியாது.

விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வெளிவந்தது. சாட்டா தட்டுகளும் அவற்றுக்கான ஏஎச்சிஐ முறையும் அதற்குப் பிறகே பரவியதால், எக்ஸ்பி சிடியில் அவற்றுக்கு டிரைவர் இல்லை. நிறுவல் தொடங்கும் நீலத்திரையில், சில நொடிகளுக்குள் எஃப்6 விசையை அழுத்தி, பிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுக்க வேண்டியிருந்தது. மடிக்கணினிகளிலோ பிளாப்பி மறைந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் பலர் பயோஸில் கட்டுப்படுத்தியை எக்ஸ்பி அறிந்த ஐடிஇ முறைக்கு மாற்றினர். சிலர் என்லைட் மென்பொருளால் டிரைவரையும் சேர்த்துப் புதிய சிடி எழுதினர். 2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டா, ஏஎச்சிஐ டிரைவரைத் தன்னுடனேயே கொண்டிருந்தது. பென் டிரைவிலிருந்தும் டிரைவரை ஏற்றது.

இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் 2020இல் வந்தபோது சிக்கல் திரும்பியது. அவற்றில் பல, விஎம்டி என்னும் கட்டுப்படுத்தி இயக்கப்பட்ட நிலையில் விற்பனைக்கு வந்தன. விண்டோஸ் 10 நிறுவியில் அதற்கான டிரைவர் இல்லாததால் தட்டுப் பட்டியல் வெறுமையாக நிற்கும். இன்டெல் தரும் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டாற் போதாது. இன்னொரு விண்டோஸ் கணினியில் அதைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்புள்ள கோப்புறையைப் படியெடுத்து, நிறுவியின் ‘லோட் டிரைவர்’ பொத்தானால் காட்ட வேண்டும். லினக்ஸ் கருவில் விஎம்டி டிரைவர் இருப்பதால், உபுண்டுவின் அண்மைப் பதிப்புகள் பெரும்பாலும் தட்டைக் கண்டுகொள்கின்றன.

இலங்கையின் வட்டவளை போன்ற தேயிலைத் தோட்டப்பகுதிகளில் இந்த அறிவு பணத்தோடு தொடர்புடையது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பட்டியல் வெறுமையாக இருப்பதைப் பார்த்துத் தட்டு செத்துவிட்டதென முடிவுகட்டிப் புதியது வாங்கினால், பல நாள் உழைப்பு வீணாகும். புதுத் தட்டும் அதே கட்டுப்படுத்தியின் பின்னால் மறைந்தே இருக்கும். முதலில் பயோஸைத் திறந்து பார்க்க வேண்டும். தட்டின் பெயர் அங்கே தெரிந்தால், பெரும்பாலும் குறை டிரைவரில்தான். கைப்பேசியால் டிரைவர் கோப்பை இறக்கலாம், ஆனால் பிரிக்கக் கணினி வேண்டும். ஆகவே ஹட்டன் நகரக் கடையிலோ நண்பர் வீட்டிலோ வேறொரு கணினி கிடைக்கும்போதே அதைத் தயார்செய்துகொள்வது நல்லது.

விஎம்டியை பயோஸில் அணைப்பது இன்னொரு வழி. வெற்றுத் தட்டில் புதிதாக நிறுவுவோருக்கு அது எளிது. ஏற்கெனவே விண்டோஸும் பிள்ளைகளின் பாடக்கோப்புகளும் உள்ள கணினியில் அணைத்தால், தட்டை அணுக முடியாமல் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். அமைப்பைப் பழையபடி மாற்றினால் வழக்கமாக மீளும். பிட்லாக்கர் பூட்டு இயங்கும் கணினியானால், பயோஸைத் தொடுமுன் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.