கோவணமும் கோட்டும்

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

போன அத்தியாயம் வந்த பிறகு, காலேஜ் படிக்கிற ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணே, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கெல்லாம் வரலாறு இருக்கா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வருஷத்துக்கு ரெண்டு சட்டை எடுக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் யோசித்துப் பார்த்தால், பதில் எங்கள் ஊர்ப் பக்கமே கிடக்கிறது.

என் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஒரு சின்னக் கிராமம். வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், கம்பு. மழை ஏமாற்றிவிட்டால் ஆம்பளைகள் அருப்புக்கோட்டைக்குத் தறி ஓட்டப் போவார்கள். என் அப்பாவும் போனார். யாரோ கட்டப்போகிற சேலையை நாள் முழுக்க நெய்துவிட்டு, லுங்கியும் ஓட்டை பனியனுமாக வீட்டுக்கு வருவார். எங்களுக்குத் துணி என்றால் தீபாவளிக்கு ஒன்று. அதுவும் அப்பா எடுத்து வருவதுதான். பிடிச்சிருக்கா என்று யாரும் கேட்டதில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ல் வேங்கடராமன் என்று ஒரு பையன் பிறந்தான். அப்பா சுந்தரம் ஐயர், ஊரில் வழக்குகளை நடத்தித் தருகிறவர். அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பு. 1896 ஆகஸ்ட் 29ல் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். செப்டம்பர் 1ல் திருவண்ணாமலை. அங்கே அய்யங்குளக் கரையில் தலையை மழித்துக்கொண்டான். கட்டியிருந்த வேட்டியைக் கிழித்து, கோவணத்துக்கு ஆகிற அளவு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வீசினான். கையில் மிச்சமிருந்த மூன்று ரூபாய் சொச்சமும் பூணூலும் அதோடு போயின. அப்போது வயசு 16. அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 1950 ஏப்ரல் 14ல் மறையும் வரை அவர் உடை அந்தக் கோவணம்தான். இன்றைக்கும் அந்தப் படத்தைத் தூரத்தில் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடுகிறது.

அடுத்த ஆள் காந்தி. அவர் லண்டனில் சட்டம் படிக்கப் போனபோது பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு ஒரு சூட் தைத்ததையும், 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி வாங்கியதையும் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். நம்ம தம்பி கேட்ட கேள்விதான் அப்போது அவருக்கும். அதே மனுஷன் 1921 செப்டம்பரில் மதுரைக்கு வருகிறார். ரயிலில் கூட வந்தவர்களிடம் ஏன் கதர் உடுத்தவில்லை என்று கேட்க, வாங்க வசதியில்லை என்கிறார்கள். செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து இடுப்பில் சிறு துண்டோடு வெளியே வருகிறார். முதலில் அவர் அறிவித்தது அக்டோபர் 31 வரைக்கும்தான். அது 1948ல் சாகும் வரை நீண்டது.

பள்ளிக்கூடத்தில் இந்த ரெண்டு கதையையும் சொல்லித்தான் எங்களுக்கு எளிமையைப் போதித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. நம்ம மண், நம்ம மதுரை! ரொம்ப காலம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. ரெண்டு பேருக்கும் கழற்றுவதற்கு ஏதோ இருந்தது. போடாதே என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவது பாடத்தில் இல்லாதது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் சிலர், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இதைத் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். பட்டியலைக் கேளுங்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. முடி வெட்டக் கூடாது. செருப்பு, குடை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான்.

மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போனது. அதோடும் நிற்கவில்லை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அதில் ஒன்று, பிள்ளைகள் படிக்கக் கூடாது.

ஒன்பது வருஷம் முன்னால் பக்கத்து மதுரையில் காந்தி விரும்பிக் கட்டிய அதே அளவுத் துணிதான் இங்கே சட்டம்! மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பல வருஷம் போராடி, 1859ல் நாடார் பெண்கள் மேலாடை உரிமை வாங்கியிருந்தார்கள். அந்த அரசாணையிலும் ஒரு கொக்கி இருந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. ஆக, மானத்தை மறைக்கிற துணியில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பார்த்தவுடனே சாதி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அம்பேத்கர். 1927 டிசம்பரில் மகாடில் பெண்களைப் பார்த்துப் பேசும்போது, முழங்காலுக்கு ஏற்றிக் கட்டுகிற சேலையை இறக்கிக் கட்டுங்கள், சாதியைக் காட்டிக்கொடுக்கிற கனத்த வெள்ளி நகைகளைக் கழற்றுங்கள் என்றார். 1931ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு காந்தியும் போனார், அம்பேத்கரும் போனார். காந்தி அரையாடையில். அம்பேத்கர் கோட்டு சூட்டில். அதே வருஷம்தான் ராமநாதபுரத்தில் பதினொரு தடைகள். பெரிய தலைவர், ஏன் வெள்ளைக்காரன் மாதிரி உடுத்தினார் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். அந்த எட்டுத் தடையையும் ஒருதரம் வாசித்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தப் பட்டியல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தத் தெருவில் பிறந்தவன் நான்.

என் அப்பத்தா கடைசி வரை ரவிக்கை போட்டதில்லை. கரிசல் காட்டில் பல சாதிக் கிழவிகளும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் நான் அதைப் பெரிசாக நினைத்ததில்லை. அக்கா கல்யாணத்துக்கு அப்பா ஒரு ரவிக்கை தைத்து வந்தார். அப்பத்தா ஒரே ஒரு நாள் போட்டார்கள். மறுநாள் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. ஏன் அப்பத்தா என்றதற்கு, "புழுங்குதுய்யா" என்றார்கள். அவர்கள் செத்த பிறகு பெட்டியைத் திறந்தோம். துவைத்து, நாலாக மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, நடுவில் ஒரு வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள்.

1930ல் அப்பத்தாவுக்கு எட்டு, பத்து வயசு இருக்கும். அந்தத் தடைகள் பற்றி நான் படித்தது அவர்கள் போன பிறகு. புழுக்கம்தான் காரணமா, வேறு பயமா என்று இப்போது கேட்க ஆள் இல்லை. வேண்டாத துணியை யாரும் வசம்பு போட்டு வைக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றுகிறது.

தம்பி, உங்க கேள்விக்கு வர்றேன். எந்தக் கலர் பொருந்தும், எந்த பேன்ட் சரியா நிக்கும்னு சொல்ல எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னாடி நிக்கும்போது ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க: இதை நான் போடுறது எனக்குப் பிடிச்சா, இல்ல யாராவது ஏதாவது சொல்லுவாங்கன்னா? பிடிச்சதுன்னு பதில் வந்தா, தைரியமா போடுங்க. எங்க தெருவுல அந்தக் கேள்வியைக் கேட்கவே ரெண்டு தலைமுறை ஆச்சு.

போன தீபாவளிக்கு அப்பாவை நான் கடைக்குக் கூட்டிப் போனேன். எது வேணும்ப்பா என்றேன். அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, பளீரென்று ஒரு மஞ்சள் சட்டையை எடுத்தார். 74 வயசு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.