சிடி டிரான்ஸ்போர்ட்டுக்கான மின்தேக்கிகள்

குறுந்தட்டில் பதிந்த எண்மத் தரவைப் படித்து, அதை ஒலியாக மாற்றாமல் அப்படியே வெளியே அனுப்பும் கருவி சிடி டிரான்ஸ்போர்ட். ஒலியாக்கும் வேலை ‘டாக்’ எனப்படும் தனிப் பெட்டியில் நடக்கும். பழைய பிளேயரிலிருந்து கழற்றிய லேசர் இயக்கியையும் அதன் பலகையையும் கொண்டு டிரான்ஸ்போர்ட் கட்டுவோர் முதலில் கை வைப்பது மின்தேக்கிகளில்தான். பேச்சுவழக்கில் அவை கெப்பாசிட்டர்.

ஆம்ப்ளிஃபயரில் இசைக் குறிகை மின்தேக்கியின் ஊடே போகிறது. எந்த வகை, எந்தக் கம்பெனி என்று அங்கே வாதாடலாம். டிரான்ஸ்போர்ட்டில் அப்படி ஓடும் இசை இல்லை. ஓடுவன எண்மத் துடிப்புகள், அவற்றுக்கு நேரம் வகுக்கும் கடிகாரம், மோட்டார்களுக்கான மின்னோட்டம் ஆகியவையே. ஆடியோ ரசிகர்கள் தேடி வாங்கும் மின்தேக்கிகளுக்குப் பேர்போன ஜப்பானின் எல்னா நிறுவனத்தின் தொழிற்சாலை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இயங்கி வந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பேருக்காக இந்தக் கருவியில் கூடுதல் காசு கொடுக்கக் காரணமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. லேசர் உணரியிலிருந்து வரும் குறிகை அலைத்தொடராகவே இருக்கிறது. அதன் அதிர்வெண் சுமார் 196 முதல் 720 கிலோஹெர்ட்ஸ் வரை. இந்தப் பாதையிலும், லேசரைத் தடத்தில் நிறுத்தும் சர்வோவின் வடிகட்டிகளிலும் உள்ள சிறு மின்தேக்கிகளின் பெறுமானம் கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. 'பெரிதாகப் போட்டால் நல்லது' என்று மாற்றினால் தட்டு படிப்பதில் தடுமாற்றம் வரும்.

மின்வழங்கல்

தேர்வில் பிழை அதிகம் நேர்வது இங்கேதான். தட்டு உட்பகுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்றும், வெளி விளிம்பில் 200 சுற்றும் சுழல்கிறது. சுழலத் தொடங்கும்போதும் பாட்டு விட்டுப் பாட்டு தாவும்போதும் மோட்டார்கள் திடீரென மின்னோட்டத்தை இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால் மின்தேக்கி 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை நிரம்புகிறது. அரை ஆம்பியர் சுமைக்கு 4700 மைக்ரோஃபாரட் வைத்தால் சிற்றலை ஏறக்குறைய 1 வோல்ட். 9 வோல்ட் மின்மாற்றிக்குப் பின் 5 வோல்ட் சீராக்கி வேலை செய்ய இது தாராளம். 22,000 மைக்ரோஃபாரட் வைப்பவர்களும் உண்டு. ஆனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் டயோடுகளும் ஃபியூஸும் தாங்க வேண்டிய மின்னோட்டம் ஏறுமே தவிர, பெரிய பலன் இல்லை.

மின்னழுத்தத் தரமும் பார்க்க வேண்டும். மலேசியாவின் பெயரளவு மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட். 10 விழுக்காடு மேலேயும் 6 விழுக்காடு கீழேயும் போகலாம். சிறிய மின்மாற்றி சுமையில்லாத நிலையில் மேலும் ஏறும். இரண்டையும் சேர்த்தால் 9 வோல்ட் சுற்றின் திருத்திய மின்னழுத்தம் 16 வோல்ட்டை நெருங்கிவிடும். எனவே 25 வோல்ட் மின்தேக்கியே பொருத்தம்.

வெப்பம்

எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 பாகை குறையும்போதெல்லாம் ஏறக்குறைய இரு மடங்காகும். கெடா மாநிலத்தின் பகல் வெயிலில் அறையே 32 பாகையைத் தொடும். மூடிய பெட்டிக்குள் 45 பாகை சாதாரணம். 105 பாகையில் 2000 மணி நேரத் தரமுள்ளது அங்கே, கணக்குப்படி, 1,28,000 மணி நேரம் தாங்கும். 85 பாகைத் தரமுள்ளது 32,000 மணி நேரம். ஓரிரு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்க இது இடமல்ல. சீராக்கியின் வெப்பத்தணிப்பியை ஒட்டி மின்தேக்கியை நிறுத்துவதும் கூடாது.

கடிகாரமும் சில்லுகளும்

படிக அலையியற்றி 11.2896 அல்லது 16.9344 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும், இரண்டும் 44.1 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள். அதன் இரு கால்களிலும் சுமையாக நிற்கும் 22 பிகோஃபாரட் போன்ற மின்தேக்கிகள் சி0ஜி வகையாக இருக்கட்டும். வெப்பத்துக்கு அவை அசைவதில்லை. ஒவ்வொரு சில்லின் மின்கால் அருகிலும் 100 நானோஃபாரட் எக்ஸ்7ஆர் செராமிக் போதும். கால் நீளம் குறையக் குறைய நல்லது.

சீராக்கியின் வெளியீட்டில் ஈஎஸ்ஆர், அதாவது மின்தேக்கியின் உள்தடை, எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. எல்எம்1117 சீராக்கி நிலையாக நிற்க 0.3 ஓமாவது தேவை. வெறும் செராமிக் வைத்தால் அது அலையத் தொடங்கலாம். அந்த அலைவு கடிகாரத்தையும் கெடுக்கும்.

டாக்குக்கு எண்மத் தரவு வெளியேறும் எஸ்பிடிஃப் இணைப்பில் துடிப்பு மின்மாற்றியோடு தொடராக 100 நானோஃபாரட் வைப்பது வழக்கம். நேர்மின்னோட்டத்தைத் தடுக்கவே அது. இங்கே தரமான செராமிக்கோ ஃபிலிமோ, இரண்டும் ஒன்றுதான்.

வீட்டு மின் இணைப்புப் பக்கம்

உயிர்க்கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே எக்ஸ்2 வகை, உயிர்க்கம்பிக்கும் நிலக்கம்பிக்கும் இடையே ஒய்2 வகை. சாதாரண 400 வோல்ட் ஃபிலிம் மின்தேக்கி இவ்விடங்களுக்கு ஆகாது. ஒய்2 பழுதாகிக் குறுக்கிணைந்தால், நிலக்கம்பி விடுபட்ட பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

வாங்குதல்

சிறிய மின்தேக்கியைப் பெரிய உறைக்குள் பொதிந்து விற்கும் போலிகள் இணையச் சந்தையில் உலவுகின்றன. எடை குறைவாகத் தோன்றினால் எல்சிஆர் மீட்டரில் அளக்காமல் பொருத்த வேண்டாம். 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் கணினிப் பலகைகளில் உப்பி வெடித்த மின்தேக்கிகளின் மிச்சம் பழைய பலகைகளில் இன்னும் உண்டு. அவற்றைக் கழற்றி மறுபடி பயன்படுத்துவது வீண் வேலை. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த எலக்ட்ரோலைட்டிக்கை 1 கிலோ ஓம் மின்தடை வழியே, அதன் தர மின்னழுத்தத்தில் அரை மணி நேரம் வைத்திருந்து, கசிவு தணிந்த பிறகே பொருத்துவார்கள்.