கட்டக்கூடிய வலை: மின்காந்த அலைக்கான செலுத்துத் தட மாதிரி பற்றி

மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் வழிகளுள் டி.எல்.எம். எனப்படும் செலுத்துத் தட அணி முறைக்கு ஒரு விசித்திரமான நிலை. கணிதவியலார் அதை உவமை என்கிறார்கள். கணினிவல்லார் அதை வேறுபாட்டு முறையின் மாறுவேடம் என்கிறார்கள். இரண்டுமே அதன் அடிப்படையைத் தவறவிடுகின்றன. மற்ற முறைகளில் சமன்பாட்டை எழுதி முடித்தபின் வகைக்கெழுக்களைத் தோராயமாக்குகிறோம். இங்கோ வெளியையே மின்வலையாக மாற்றும்போது தோராயம் நுழைந்து, அத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் அந்த வலைக்குக் கிடைக்கும் விடை, எண்களைச் சுருக்குவதால் வரும் பிழை நீங்கலாக, துல்லியமானது. செம்பில் கட்டக்கூடிய ஒரு பொருளைக் கணக்கிடுகிறோம் என்பதே இம்முறையின் பலம்.

இச்சிந்தனை இலக்கக் கணினியின் பரவலுக்கு முந்தியது. 1944இல் கேப்ரியல் க்ரான் மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு ஈடான மின்சுற்றை வெளியிட்டார். அவரும் வின்னெரி முதலியோரும் வலைப்பகுப்பான் கருவியில் ஒத்ததிர்வுக் குழிகளை ஆராய்ந்தார்கள். 1971இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஜான்ஸும் பியூர்லும் சுருள், மின்தேக்கிகளின் இடத்தில் செலுத்துத் தடங்களை வைத்தார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் தடத்தில் நுழைந்த துடிப்பு குறிப்பிட்ட நேரம் கழித்தே மறுமுனையை அடையும் என்பதால், வெளியோடு காலமும் தானாகவே துண்டுபட்டது. இருபரிமாண வலையில் நான்கு தடங்கள் ஒரு கணுவில் கூடுகின்றன. ஒன்றின் வழியே 1 வோல்ட் துடிப்பு வந்தால், எதிரே மற்ற மூன்றும் இணையாக நிற்பதால் மின்மறுப்பு மூன்றில் ஒரு பங்காகத் தெரிகிறது. −1/2 வோல்ட் வந்த வழியே திரும்புகிறது. மற்ற மூன்றிலும் +1/2 வோல்ட் செல்கிறது. வர்க்கங்களைக் கூட்டினால் 1. ஆற்றல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் புதிய மூலமாகிறது என்ற ஹைகென்ஸ் கொள்கை இங்கே கூட்டல் கழித்தலாக இயங்குகிறது.

வலை உண்மையான வெளியைப் போல நடக்கிறதா என்று கேட்கலாம். முழுக்க இல்லை. நீண்ட அலைகள் தடத்தின் வேகத்தில் 1/√2 பங்கில்தான் செல்கின்றன; எல்லாத் திசைக்கும் ஒரே காரணி என்பதால் இதைச் சரிசெய்வது எளிது. அலைநீளம் குறையும்போதுதான் சிக்கல். மூலைவிட்டத் திசையில் வேகப்பிழை இல்லை. அச்சுத் திசையிலோ அலைநீளத்துக்குப் 10 கணு இடைவெளிகள் இருந்தாலும் வேகம் சுமார் 0.9 விழுக்காடு குறைகிறது. 10 அலைநீளத் தூரத்தில் அது ஏறக்குறைய 30 பாகைக் கட்டப்பிழையாகிவிடும். பத்துக் கணு போதும் என்ற வழக்கமான விதி சிறு குழிக்குப் பொருந்தலாம்; நெடுந்தொலைவுக்கு அதைக் கண்மூடி ஏற்பது ஆபத்து.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: 1966இல் யீ வகுத்த வேறுபாட்டு முறையோடு இதன் உறவை 1987இல் ஜான்ஸே ஆராய்ந்து காட்டினாரே, பிறகு தனி முறை எதற்கு? சில கணு வடிவங்களுக்கு இரண்டும் ஒன்றே என்பது மெய். நினைவகக் கணக்கிலும் யீக்கே வெற்றி: அவருக்குக் கலத்துக்கு 6 புலக்கூறுகள் போதும், ஜான்ஸ் அதே ஆண்டு வெளியிட்ட சமச்சீர் செறிவுக் கணுவுக்கு 12 மின்னழுத்தங்கள் வேண்டும். ஒரே ஊடகம் நிறைந்த பெரிய வெளிக்கு நானும் யீயின் முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் அதில் மின்புலமும் காந்தப்புலமும் அரைக்கலம் விலகி நிற்பதால், உலோகச் சுவரோ மின்கடவாப் பொருளின் விளிம்போ எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாக இருப்பதில்லை. செறிவுக் கணுவில் ஆறு கூறுகளும் ஒரே புள்ளியில், ஒரே நொடியில் கிடைக்கின்றன. கூடுதல் நினைவகம் இதற்குத் தரும் விலை.

நிலைப்புத்தன்மையில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. யீயின் முறையில் காலப்படி ஒரு வரம்பைத் தாண்டினால் விடை வெடித்துப் பெருகும். அந்த வரம்பை இயற்கணிதத்தால் கண்டறிய வேண்டும். டி.எல்.எம். வலையில் ஆற்றல் சேர்க்கும் உறுப்பே கிடையாது. ஆகவே துடிப்புகள் கட்டுமீறி வளர வழியில்லை. ஊடகம் மாறும் இடத்திலும், கலங்கள் சமமற்ற இடத்திலும் கணுவோடு குறுந்தடங்களைச் சேர்ப்பார்கள்; திறந்தவை மூன்றும் மூடியவை மூன்றும் சேர, 12 வாயில்கள் 18 ஆகும். காலப்படியை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் இக்குறுந்தடங்களுள் ஒன்றின் மின்மறுப்பு எதிர்மறையாகிவிடும். அப்படியொரு தடத்தை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது. கணக்கை ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. உறுப்புகளின் பட்டியலைப் பார்த்தாலே உத்தரவாதம் எங்கே முறிந்தது என்பது தெரிந்துவிடும்.