கண்ணாடித் தகடும் தூசும்

கண்டி மாநகரின் நிழற்பட வரலாற்றைக் கூறப் புகுவோர் தலதா மாளிகையின் பழம் படங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அப்படங்களை ஆக்கியோர் தூசோடு நடத்திய போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1851 இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அக்காலத்தில் பெருவழக்காயிருந்தது. துடைத்துத் துலக்கிய கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைக்குழம்பை வார்த்து, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையில் உருத்துலக்க வேண்டும். ஈரப் பசைமேல் விழும் தூசு ஒளியை மறைக்கும். தகட்டில் அவ்விடம் வெறுங் கண்ணாடியாய் நின்றுவிடும். தாளில் அச்சிட்டால் கரும்புள்ளி தோன்றும். முடிந்த தகட்டின்மேல் பின்னர் படியும் தூசு செய்யும் குற்றமோ இதற்கு நேர்மாறானது. அச்சிடும்பொழுது அது வெயிலை மறைத்துத் தாளில் வெண்புள்ளியை விடும். வெண்புள்ளியைத் தூரிகையால் நிறந்தொட்டு நிரப்பலாம்; கரும்புள்ளியைச் சுரண்டத்தான் வேண்டும். ஆகவே தூசு எப்பொழுது புகுந்தது என்பதைத் தொழிலறிந்தோர் படத்தைக் கண்ட மாத்திரத்திலேயே ஊகித்துவிடுவர்.

கண்டியில் நிழற்படத் தொழில் நடத்திய யோசெப் லோட்டன் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் தொல்பொருட் குழுவினருக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளைப் படம் பிடித்தார். 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதம் அன்று அதற்கு வடக்கே செல்லவில்லை. தகடுகள், இரசாயனப் புட்டிகள், இருட்டறைக்கு வேண்டிய தட்டுமுட்டுகள் யாவும் தெருவழியே செல்லவேண்டியிருந்தன. கண்டியின் ஈரக்காற்றில் தூசு ஓரளவு அடங்கிக் கிடக்கும். உலர் வலயத்து வெயிலில், புதிதாய் வெட்டித் திறந்த காட்டினிடையே, அதற்கு ஏது அடக்கம்?

1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் படங்களிலும் தூசு, கீறல், விரல் அடையாளம் ஆகியன மலிந்திருந்தன. இலண்டன் விமரிசகர்கள் முன்னரே கடிந்திருந்தனர்; அம்மையார் பொருட்படுத்தவில்லை. அவர் தேடியது முகத்தின் உயிர்ப்பு. அதைச் சில புள்ளிகள் கெடுத்துவிடுவதில்லை. 1879 இல் மலைநாட்டிலேயே காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமானார். ஆனால் லோட்டனின் படங்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. புதுப்பித்தலுக்கு முன் அக்கட்டடங்கள் நின்ற நிலைக்கு அவை சான்று. சான்றில் தூரிகை வைப்பதும் பிழை. தூசை விட்டுவைப்பதும் பிழை.

பின்னாளில் கண்ணாடி போய்ச் சுருட்படம் வந்தது. 36 மில்லிமீற்றர் நீளப் படத்தை 10 அங்குலத் தாளுக்குப் பெருப்பிக்கும்பொழுது தூசும் ஏழு மடங்கு பெருக்கும். ஆதலால் சாய்வான ஒளியில் பிடித்துப் பார்த்து, இரப்பர்க் குமிழால் காற்றூதி, ஒட்டியிருப்பதை மென்மயிர்த் தூரிகையால் மெல்லத் தள்ளுவர். துணியால் அழுத்தித் தேய்த்தால் தூசு போகும், கீறல் தங்கும்.

இவையெல்லாம் அச்சிடுமுன் செய்யத்தக்கவை. பழைய படமொன்றில் தூணின்மேல் தெரியும் கரும்புள்ளி கல்லிலிருந்த பள்ளமா, 1870 இல் தகட்டில் ஒட்டிய தூசா என்று இன்று தீர்ப்பதற்கு, அதே தூணை வேறொரு தகட்டில் பிடித்த படம் கிடைத்தாக வேண்டும்.