அரக்கர் என்னும் சொல்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றிப் பேசுவோர் கொல்லிப்பாவையை மறப்பதில்லை. சங்கப் புலவர் அதன் அழகைப் பாடினர். தவமுனிவரைத் தின்ன வந்த அரக்கரைத் தன் நகையால் மயக்கிக் கொல்லவே அப்பாவை அமைக்கப்பட்டது என்பது பின்னர் வழங்கும் கதை. இங்கே அரக்கர் என்போர் யாவர்?

வடமொழி ‘இராட்சசர்’ பாகதத்தில் ‘ரக்கசர்’ ஆகித் தமிழில் ‘அரக்கர்’ என வழங்கிற்று. நரமாமிசம் உண்போர் என்பது இச்சொல்லோடு நெடுங்காலமாய் ஒட்டியுள்ள பொருள். கிரேக்கரும் தம் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோருள் சிலரை ‘மனிதரைத் தின்போர்’ என்றனர். 1492-இல் கொலம்பஸ் அயலார் வாய்மொழியாகக் கேட்ட ஒரு தீவு மக்களின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் நரமாமிசம் உண்போரைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. பெரும்பாலும் இத்தகைய பெயர்கள் கண்டவர் இட்டவை அல்ல, கேட்டவர் இட்டவை.

மணிமேகலைக் காப்பியம் வேறொன்றைக் காட்டுகிறது. கப்பல் உடைந்து கரையேறிய சாதுவனை நக்கசாரண நாகர் உணவாகக் கருதி நெருங்கினர். அவனோ அவர்களுடைய மொழியை அறிந்திருந்தான். அம்மொழியிலேயே பேசவே, அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் வினாவினான், சாதுவன் விடையிறுத்தான், கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதிருக்கத் தலைவன் இசைந்தான். இது பௌத்த நூல் கூறும் கதையேயாயினும், அருட்பணியாளர் அனைவரும் கற்கத்தக்க பாடம் இதில் உண்டு.

ஏனெனில், இப்பழி நம்மையும் சார்ந்ததே. கி.பி. 112-ஐ ஒட்டிப் பித்தினியா ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர் கூடி உண்பது குற்றமற்ற சாதாரண உணவே என்று பேரரசருக்கு எழுத நேர்ந்தது. 177-இல் லியோன் நகர விசுவாசிகள்மேல் நரமாமிசம் உண்டதாகவே குற்றஞ்சாட்டினர். கர்த்தருடைய சரீரம், இரத்தம் என்று நாம் திருவிருந்தில் சொல்வதை வெளியே நின்று கேட்டவர்க்கு, அதன் பொருள் விளங்கவில்லை.

கொல்லிமலைக்கு 1913-இல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவி எவலினும் குடியேறினர். அங்கே அவர்கள் கண்டவர் அரக்கரல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று மரபு கூறும் மலையாளி உழவர். அம்மலையில் மனிதரைத் தின்றது காய்ச்சலே. 1929-இல் ஜெஸ்ஸி பிராண்டும் கருநீர்க் காய்ச்சலால் மாண்டார். எவலினோ பிற்காலத்தில் மீண்டும் அம்மலைக்கே வந்து, 1974-இல் மறையும் வரை மலைவாழ் மக்களிடையே பணியாற்றினார்.

அன்பு மாணவரே, ஒரு மக்களைக் குறித்து நாம் பிரசங்கபீடத்தில் ஒரு பெயரைச் சொல்லுமுன், அவர்களுடைய மொழியில் அவர்களோடு பேசியிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பேசியிராவிடில், மௌனமே நமக்குத் தகும்.