புரியாதிருக்க ஒரு விதி

மருந்துப் புட்டியின் மீது எழுத்து உண்டு. படிப்பதற்குக் கண் உண்டு. ஆயினும் பொருள் மட்டும் விளங்கிவிடலாகாது என்று அரசே விதி செய்த காலம் ஒன்று உண்டு. இருண்ட காலத்துக் கதையன்று நாம் கூறுவது. 1938-இல் அமெரிக்காவிலே நடந்தது!

அதற்கு முன் அங்கிருந்த நிலை என்ன? எந்நோயும் தீர்க்கும் மருந்தென்று விளம்பரங்கள் முழங்கின. அழும் குழந்தையை அமைதிப்படுத்தத் தாய்மார் வாங்கிய 'வின்ஸ்லோ அம்மையார்' பாகிலே மார்பின் கலந்திருந்தது. 1905-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் எனும் எழுத்தாளர், 'காலியர்ஸ்' வார ஏட்டிலே இத்தகைய புரட்டுகளைத் தோலுரித்தார். மறு ஆண்டே சட்டம் பிறந்தது. அபினியோ, மார்பினோ, சாராயமோ கலந்திருந்தால் மேற்சீட்டிலே குறித்தாக வேண்டும் என்றது. விற்குமுன் சோதித்துப் பார் என்று சொல்லவில்லை. 1937-இல் சல்பனிலமைடு மருந்தை, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்திலே கரைத்து விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், குழந்தைகள் பலர்.

அந்தப் பிணக்குவியலின் மீது எழுந்ததே 1938-ஆம் ஆண்டுச் சட்டம். தீங்கற்றது என மெய்ப்பித்த பின்னரே புது மருந்து சந்தைக்கு வரலாம். உண்ணும் முறையை மேற்சீட்டிலே விளக்க வேண்டும். நல்ல சட்டந்தான்! ஆனால், அதன்கீழ் எழுந்த விதி, மருத்துவர் சீட்டின்மேல் மட்டுமே விற்கும் மருந்துகளுக்கு விலக்களித்தது. அவற்றின் விவரம், சாதாரண மனிதருக்கு விளங்காத மருத்துவச் சொற்களிலே மட்டுமே இருக்க வேண்டும் என்றது! கடையிலே நேரே வாங்கும் மருந்துக்கு விளக்கம். வீரியம் மிகுந்த மருந்துக்கோ மௌனம். வேடிக்கையல்லவா?

மௌனத்தைக் கலைத்தவர்கள் பெண்கள். 1960-இல் கருத்தடை மாத்திரைக்கு அங்கு ஒப்புதல் கிடைத்தது. இரத்தம் உறையும் ஆபத்து அதில் உண்டென்பது பின்னர் வெளிப்பட்டது. உண்டவர்களிலே பலருக்கு அதைச் சொன்னவரில்லை. 1969-இல் பார்பரா சீமன் அதை நூலாக எழுதினார். 1970 சனவரியிலே செனட்டர் நெல்சன் தலைமையில் விசாரணை தொடங்கிற்று. சாட்சிகள் வந்தனர், மாத்திரை உண்ட பெண் ஒருத்திகூட அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையிலே இருந்த ஆலிஸ் உல்ஃப்சனும் தோழியரும் எழுந்தனர். "எங்கள் உடலைப் பற்றிய பேச்சிலே எங்களுக்கு ஏன் இடமில்லை?" என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம்.

அவ்வாண்டே, மாத்திரையோடு உண்பவருக்கென ஒரு விளக்கத்தாள் வைக்க ஆணை பிறந்தது. மருத்துவர் சங்கமும் உற்பத்தியாளரும் எதிர்த்தனர். ஏறத்தாழ 600 சொற்களில் எழுதப்பட்ட வரைவு, நூறு சொற்களளவுக்குச் சுருங்கிற்று. கேள்வி ஓயவில்லை, 1978-இல் விரிவான விளக்கம் வந்தது.

மருத்துவரின் அறிவை நாம் மதிக்கிறோம். அது ஆராய்ச்சியின் விளைவு. ஆனால் அறிவு, கேள்விக்கு அஞ்சுவதில்லை. இம்மருந்து எதற்காக? எத்தனை நாள்? என்ன தீங்கு நேரலாம்? எதனோடு சேர்த்து உண்ணலாகாது? கேட்போம். பெட்டியிலே மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை எறியாமல் விரித்துப் படிப்போம். யாரோ இரங்கி அளித்த தாளன்று அது, கேட்டுப் பெற்றது!