தூக்க மாத்திரையும் ரிட்டோனாவிரும்

பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசெபைன் மருந்துகள் 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம் என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தன. அல்பிரசோலம் 1981இல் வந்தது. எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிருக்கு 1996இல் அமெரிக்கா அனுமதி தந்தபோது, சில தூக்க மருந்துகளோடு அதைச் சேர்க்கக் கூடாது என்ற தடையும் கூடவே வந்தது.

காரணம் ஒரு நொதி. மிடாசோலம், டிரையசோலம், அல்பிரசோலம் ஆகியவற்றைச் சிதைப்பது குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சிஒய்பி3ஏ4. ரிட்டோனாவிர் அதை முடக்கிவிடும். பிறகு வழக்கமான அளவே உடலில் தேங்கி, ஆழ்ந்த மயக்கத்தையும் மூச்சு மந்தமாவதையும் உண்டாக்கலாம். வாய்வழி கொடுக்கும் மிடாசோலமும் டிரையசோலமும் இதில் மிக மோசம். லோராசெபாம் வேறு வழியில் கழிவதால் இச்சிக்கலில் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கெட்ட குணமே ரிட்டோனாவிருக்குப் பிழைப்பாயிற்று. முதலில் ஒரு வேளைக்கு 600 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் நோயாளிகளை வாட்டின. பின்னர் 100 மில்லிகிராமே பிற மருந்துகளை உடலில் நெடுநேரம் நிறுத்திவைக்கும் துணையாக நிலைத்தது.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கியது. முதல்நிலைக் கூட்டு மருந்தில் ரிட்டோனாவிர் இல்லை. 2008இல் அங்கும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் இரண்டாம்நிலைச் சிகிச்சை ஆரம்பித்தபோதுதான், லோபினாவிர் என்ற மருந்துடன் சேர்ந்து அது அரசுத் திட்டத்துக்குள் நுழைந்தது.

தூக்க மருந்துகளுக்கோ விதி வேறு. இந்திய மருந்து விதிகளில் 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயஸிபாம், மிடாசோலம் ஆகியவை எச்1 பட்டியலில் உள்ளன. மருத்துவர் சீட்டு வேண்டும். நோயாளியின் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சென்னையானாலும் கொடும்பாளூர் போன்ற நெடுஞ்சாலைச் சிற்றூரானாலும் விதி ஒன்றே. ஆனால் அந்தப் பதிவேடு கடையில் விற்றதை மட்டுமே அறியும். ஏ.ஆர்.டி. மருந்தோ அரசு மையத்தில் இலவசமாகக் கிடைப்பது. கடைப் பதிவேடும் மையத்தின் பதிவும் சந்திப்பதே இல்லை. நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. எச்.ஐ.வி.யை மறைத்து வாழ்பவருக்கு அது எளிதல்ல.

2021 டிசம்பரில் கொரோனாவுக்காக அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட், ரிட்டோனாவிரை எச்.ஐ.வி. வட்டத்துக்கு வெளியே பரவலாகக் கொண்டுசென்றது. அதில் நிர்மட்ரெல்விர் என்ற மருந்துடன் ஐந்து நாள், தினம் இரு வேளை. நாள்கள் குறைவென்பதால் ஆபத்து குறையாது. ரிட்டோனாவிரைத் தொடக்கத்தில் சேர்க்கும்போது அல்பிரசோலத்தின் அளவு உடலில் ஏறுகிறது. பத்து நாள் தொடர்ந்தால்தான் அந்த ஏற்றம் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அதற்காக நெடுநாள் உண்டுவந்த அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது, வலிப்பு வரலாம். ஆகவே மருத்துவர்கள் பாக்ஸ்லோவிட் உண்ணும் நாள்களுக்கு அதன் அளவைக் குறைத்து, நோயாளியைக் கண்காணிக்கிறார்கள்.